உலை வேலையும் வெல்டிங்கும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். எதில் தொடங்குவது?

புதுக்கை:

வணக்கம். ஆறு மாத வெல்டிங் பயிற்சி முடித்துவிட்டு எட்டு மாதமாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் உதவியாளாக இருக்கிறேன். கம்பி வெட்டுவது, கிரைண்டிங், டாக் (துண்டுகள் நகராமல் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு) வைப்பது, அப்புறம் மூத்தவர் விட்டால் 6013 வகை வெல்டிங் ராடில் கிடைமட்டமாக வைத்த ஃபில்லட்டுகள் (இரண்டு தகடு சேரும் மூலையில் ஓட்டும் வெல்டு), இவ்வளவுதான் இதுவரை செய்தது.

இப்போது வேறு ஒரு இடத்தில் ஆள் கேட்டிருக்கிறார்கள். சுருள் வேலைப்பாடு உள்ள கேட், கைப்பிடிக் கம்பிகள், உளி, கடப்பாரை, உழவுக் கருவிகள் எல்லாம் அங்கே உலையில் காய்ச்சி அடித்தே செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். "உலை வேலையும் வெல்டிங்கும் தெரிந்தவர், மூன்று வருட அனுபவம்" என்று போட்டிருக்கிறது. நான் சம்மட்டியைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் அந்த வேலையைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயேதான் இருக்கிறது, அதை மறைத்துப் பயன் இல்லை.

நான் கேட்க நினைப்பது: இரண்டையும் ஒரே ஆள் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிடுவேனா? நான் ஒல்லியான ஆள், உடம்பு பலம் எவ்வளவு தேவை? வேலை கேட்டுப் போனால் எதைச் செய்து காட்டச் சொல்வார்கள்? மூன்று வருடம் இல்லாதவன் போய் நிற்கலாமா?

ஆர்க்முனை:

தம்பி, போய் நில்லுங்கள். மூன்று வருடம் என்று எழுதுவது வருடத்தை எண்ணுவதற்காக அல்ல, கை பழகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பத்து வருடம் ஒரே கிடைமட்ட ஃபில்லட்டை ஓட்டியவரையும் பார்த்திருக்கிறேன், ஒன்றரை வருடத்தில் தலைக்கு மேலே ராடு பிடித்து நேராக இழுத்துக்கொண்டு போனவரையும் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன், உலை பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில் பார்வை. புதியவர்கள் எல்லோரும் ஆர்க்கின், அதாவது ராடு முனையில் எரிகிற மின்பொறியின், வெளிச்சத்தையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகி நிற்கிற குளத்தை. அதன் ஓரம் இரண்டு தகட்டையும் நனைத்துக்கொண்டு வருகிறதா, பின்பக்கம் வட்டமாக இருக்கிறதா, கூராக நீள்கிறதா? நீண்டால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். உருகிய இரும்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று நிற்கும், ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி வரும் கசடு, அதன் மேல் கொஞ்சம் மங்கலாக, படலம் போல அலைந்துகொண்டு வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிற நாளில்தான் ஒருவர் வெல்டர் ஆகிறார் என்பது என் அபிப்பிராயம். அது தெரியாதவரைக்கும் ஸ்லாக்கை உள்ளே வைத்துப் புதைத்துக்கொண்டே போவீர்கள், மேலே பார்த்தால் அழகாக இருக்கும்.

கரண்ட் வைப்பதற்கு ஒரு கைக்கணக்கு: ராடின் உள்கம்பி ஒரு மி.மீ. தடிப்புக்குச் சுமார் 40 ஆம்பியர். 3.15 ராடு என்றால் 120 பக்கம் தொடங்கி, தகட்டின் தடிப்பையும் நிலையையும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கின் நீளம் கம்பியின் தடிப்பைத் தாண்ட வேண்டாம், 7018 வகை ராடுக்கு அதைவிடக் குறைவாகவே பிடிக்கலாம். காதும் உதவும், சரியாக இருந்தால் சீராகப் பொரிகிற சத்தம் வரும், ராடு தூரம் போனால் அது ஊதுகிற சத்தமாக மாறும்.

தேர்வு என்று வைத்தால் நிலைகளை வைத்துத்தான் வைப்பார்கள். தகட்டில் 1ஜி என்பது படுக்க வைத்த தகட்டில் மேலிருந்து ஓட்டுவது, 2ஜி செங்குத்துத் தகட்டில் படுக்கைவாட்டு, 3ஜி கீழிருந்து மேலே, 4ஜி தலைக்கு மேல். பைப்பில் 6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்த்து, திருப்பாமல் நீங்களே சுற்றி வந்து முடிப்பது. நீங்கள் சொல்கிற மாதிரி இடத்தில் 6ஜி கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 3ஜி கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டைப் படுக்க வைத்துத் திருப்ப முடியாத இடங்களில் அதுதான் தினசரி வேலை.

முறையான சான்று என்றால் வெல்டு செய்த தகட்டைப் பட்டையாக வெட்டி, யு வடிவத்துக்கு வளைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிநூல் ஒன்பதாம் பகுதியின்படி வளைந்த முகத்தில் 3 மி.மீ.க்கு மேல் பிளவு திறந்தால் தோல்வி. இன்னொன்று, தேறிய பிறகும் அந்த முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். கை மறக்கும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரியும்.

வீட்டுப்பாடமாக ஒன்று செய்யுங்கள். இரண்டு துண்டுத் தகட்டை டி மாதிரி நிறுத்தி ஒரே பக்கம் மட்டும் ஃபில்லட் ஓட்டுங்கள். ஆறியதும் வெல்டு இருக்கிற பக்கமாகவே சுத்தியலால் அடித்து மடக்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே மூலையின் அடிவரை உருகியிருந்தால் நல்லது. அங்கே தகட்டின் பழைய விளிம்பு அப்படியே கோடாகத் தெரிந்தால் மேலே எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை. வேலை கேட்டுப் போகும்போது உடைத்துப் பார்த்த துண்டுகளையே கையில் எடுத்துப் போங்கள். என்னிடம் யாராவது அப்படி வந்தால் சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.

அடைகல்:

உலை பக்கத்துக்கு நான் வருகிறேன். எங்கள் அப்பாவிடம் துருத்தி ஊதிக் கற்றவன் நான், இப்போது ப்ளோயர், கேஸ் உலை எல்லாம் வந்துவிட்டது, கற்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: இரும்பு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வது.

மங்கிய சிவப்பு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு 950 பக்கம். மஞ்சள் 1100. அடிக்கத் தொடங்குவது மஞ்சளில், ஆரஞ்சு இருக்கும்வரை தாராளமாக அடிக்கலாம், மங்கிய சிவப்புக்கு வந்துவிட்டால் நிறுத்திவிட்டுத் திரும்ப உலையில் வையுங்கள். அதற்குக் கீழே அடித்தால் இரும்பு உங்கள் சொல்லைக் கேட்காது, கார்பன் கூடிய எஃகாக இருந்தால் உள்ளேயே வெடிப்பு விடும், அது அன்றைக்குத் தெரியாமல் வேலைக்குப் போன பிறகு தெரியும். மேலேயும் ஓர் எல்லை உண்டு. வெண்மைக்குப் போய் வெள்ளைப் பொறி சிதறத் தொடங்கினால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான், அதை மீட்க வழி கிடையாது. வெயிலில் நின்றால் இந்த நிறங்கள் எதுவும் சரியாகத் தெரியாது, அதனால்தான் பட்டறைக்குள்ளே வெளிச்சம் குறைவாக இருக்கும். நிழலில் வைத்துக் கண்ணைப் பழக்குங்கள்.

கரி உலையில் துண்டை எங்கே வைப்பது என்பதும் ஒரு பாடம். காற்று வருகிற வாய்க்குப் பக்கத்தில் இறக்கினால் காற்று இரும்பைத் தின்று செதில் செதிலாக உதிர்க்கும். நெருப்பின் நடு உயரத்தில், மேலேயும் கீழேயும் கங்கு இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். காற்றைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைக்காத புதியவர் கிடையாது.

பலம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு கிலோ சுத்தியல் போதும். பிடியை இறுக்காதீர்கள், தோளிலிருந்து தூக்கி அதன் எடையிலேயே விழவிட்டுக் கடைசியில் மட்டும் வழிநடத்துங்கள். முஷ்டியைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அடைகல்லின் முகம் இருக்க வேண்டும், உயரமாக இருந்தால் தோள் போகும், தாழ்ந்திருந்தால் இடுப்பு போகும். குறடு துண்டைக் கவ்வாமல் லூசாக இருந்தால் இரும்பு பறந்து வரும். துண்டுக்கு ஏற்ற குறடு இல்லையென்றால் முதலில் குறட்டைச் சரி செய்யுங்கள், அப்புறம் வேலை.

முதல் பயிற்சி ஒரு முனை இழுப்பது. 12 மி.மீ. சதுரக் கம்பியை மஞ்சளுக்குக் காய்ச்சி, அடைகல்லின் அந்தப் பக்க ஓரத்தில் முனையை வைத்து, கையைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்து அடியுங்கள். ஓர் அடி, கால் சுற்றுத் திருப்பு, ஓர் அடி. நான்கு முகமும் சதுரமாகவே இருந்துகொண்டு கூராக வேண்டும். உருண்டை முனை வேண்டும் என்றாலும் முதலில் சதுரக் கூர், பிறகு அதன் நான்கு விளிம்பையும் தட்டி எண்முகம், கடைசியாகத்தான் உருண்டை. ஆரம்பத்திலேயே உருட்டி உருட்டி அடித்தால் நடுவில் கயிறு பிரிவது மாதிரி பிளந்துகொள்ளும், மீன் வாய் போலத் திறந்து நிற்கும். எனக்கு முதல் வாரம் முழுக்க மீன் வாய்தான் வந்தது, அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை வெட்டிவிட்டுத் திரும்ப உலையில் வைப்பார்.

முனை வந்த பிறகு கம்பியைக் குறுக்கித் தடிப்பாக்குவது, வளைப்பது, முறுக்குவது, சூட்டில் துளை அடித்து விரிப்பது, சூட்டு உளியால் வெட்டுவது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரே மாதிரி பத்துக் கொக்கி செய்யுங்கள். ஒரு கொக்கி நன்றாக வருவது பெரிய விஷயம் அல்ல. பத்தும் ஒரே நீளம், ஒரே வளைவு, அதுவும் கொக்கிக்கு இரண்டு மூன்று சூட்டில் முடிகிறதா என்றுதான் தேர்வு வைப்பவர் பார்ப்பார், குறைந்தபட்சம் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

கணக்கும் வேண்டும், பயப்படாதீர்கள், சின்னக் கணக்கு. அடித்தால் இரும்பு எங்கேயும் போய்விடாது, செதிலாகக் கொஞ்சம் உதிரும், மற்றது இடம்தான் மாறும். 20 மி.மீ. சதுரத்தை 10 மி.மீ. சதுரமாக இழுத்தால் நீளம் நான்கு மடங்கு ஆகும். இது தெரிந்தால் எவ்வளவு துண்டு வெட்டுவது என்று முன்னாலேயே சொல்லிவிடலாம்.

அளவுகோல்:

இரண்டு பேரும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தீயையே பேசிக்கொண்டிருந்தால் வேலையில் பாதி விட்டுப்போகிறது. நான் பொருத்தும் வேலை பார்ப்பவன். நன்றாக வெல்டு செய்யத் தெரிந்த எத்தனையோ பேர் வரைபடம் படிக்கத் தெரியாமல் உதவியாளாகவே நின்றுவிட்டார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

ஒரு செவ்வகச் சட்டம் டாக் வைத்தால் உடனே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், சமமாக இல்லையென்றால் சட்டம் சாய்ந்திருக்கிறது. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்குகிற பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எல்லா மூலையிலும் டாக், பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி ஓட்ட வேண்டும். ஃபில்லட் அளவு பற்றியும் தெளிவு வேண்டும், 6 மி.மீ. கால் (தகட்டின் மேல் வெல்டு பரவும் அளவு) உள்ள ஃபில்லட்டின் தொண்டை (மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை உள்ள குறுகிய தூரம்) 4.2 மி.மீ.தான், தாங்குவது அந்தத் தொண்டை. பலம் கூடும் என்று நினைத்துத் தேவைக்கு மேல் குவித்து வைத்தால் இழுப்புதான் கூடும்.

சுருள் வேலைக்கு ஒரு வழி: முதலில் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரையுங்கள், அந்தக் கோட்டின் மேல் ஒரு மெல்லிய கம்பியை வளைத்து வைத்துப் பிறகு நீட்டி அளந்தால் வெட்ட வேண்டிய நீளம் கிடைக்கும். சுருளைச் சூட்டில் வளைத்ததும் அதே கோட்டின் மேல் வைத்துப் பார்த்துத் திருத்தலாம்.

காற்றுப்போக்கு:

யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பட்டறையில் துத்தநாகம் பூசிய பைப்பை மூடிய அறைக்குள் நாள் முழுக்க வெல்டு செய்யச் சொன்னார்கள். சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. இரவு குளிர் நடுக்கம், காய்ச்சல், மூட்டு மூட்டாக வலி, வாயில் உலோகச் சுவை. இரண்டு நாளில் போய்விட்டது, ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. துத்தநாகப் புகை அப்படித்தான் செய்யும். பூச்சு இருந்தால் வெல்டு வரும் இடத்தில் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், சுவாசக் கவசத்தோடு செய்யுங்கள். அதே பைப்பை உலையில் போடவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை இதைவிட மோசம், அதில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வரும். சாதாரண இரும்பு என்றாலும் அலட்சியம் வேண்டாம், 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

முகக் கவசத்தின் கறுப்புக் கண்ணாடி குறைந்தது 10ஆம் எண். டாக் தானே என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் அப்போது ஒன்றும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் கண்ணுக்குள் மணல் கொட்டினது மாதிரி எரியும். பெயின்ட், எண்ணெய் இருந்த பழைய பீப்பாயில் வெல்டு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வேலை போனாலும் சரி. உலைப் பக்கத்தில் 400 டிகிரியில் இருக்கிற இரும்பு வெளிச்சத்தில் பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும், தரையில் கிடக்கிற எதையும் முதலில் புறங்கையைத் தள்ளிக் காட்டிச் சூடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

புதுக்கை:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆர்க்முனை அண்ணா, டி துண்டை உடைத்துப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் மூலையின் அடி உருகவே இல்லை, பழைய விளிம்பு கத்தியால் வெட்டினது மாதிரி அப்படியே நின்றது. எட்டு மாதமாக நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். கரண்ட்டை 105இலிருந்து 125க்கு ஏற்றி, ராடை மூலைக்குள் இன்னும் நெருக்கிப் பிடித்ததும் அடுத்த நான்கும் சரியாக வந்தன.

அந்த இடத்துக்கும் போய்ப் பேசினேன். உலை தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டேன். உடைத்த துண்டுகளைக் காட்டினேன், பட்டறைக்காரர் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு வேலை கொடுத்தார்: லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டையில் செய்த ஒரு மண் கிளறும் கொழுவை சாதாரண இரும்புத் தண்டோடு வெல்டு செய்யச் சொன்னார். 6013இல் செய்தேன், அடிவரை உருகியது, பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆறிக்கொண்டிருக்கும்போது டிங் என்று ஒரு சத்தம். வெல்டுக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் பட்டைப் பக்கமாக, மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏன் என்று கண்டுபிடித்துவிட்டு அடுத்த வாரம் வா" என்றார். ஏன்?

அடைகல்:

அவர் உங்களுக்கு நல்ல தேர்வு வைத்திருக்கிறார். உலையும் வெல்டிங்கும் சந்திக்கிற இடம் இதுதான், ஒன்றை மட்டும் தெரிந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

லீஃப் ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.5, 0.6 சதவீதம் பக்கம் இருக்கும், உங்கள் தண்டில் பெரும்பாலும் 0.25க்கும் கீழே. கார்பன் கூடிய எஃகை நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் என்ன ஆகும்? உளிக்கு முனை கடினமாக்குவது அப்படித்தான். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரியைத் தாண்டி, ஏற்றித் தோய்த்து எடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தரையில் போட்டால் உடையும். அதனால்தான் உளியைத் தோய்த்த பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, மெதுவாகச் சூடேற்றி, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வெட்டு உளிக்கு ஊதா முனைக்கு வந்ததும் நிறுத்துகிறோம். நீங்கள் வெல்டு வைத்தபோது பட்டையில் ஒரு சின்ன இடம் அந்தச் சூட்டைத் தாண்டியது. சுற்றியிருந்த குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டது. தண்ணீர் இல்லாமலேயே தோய்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஆர்க்முனை:

அதோடு இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்று அளவுகோல் சொன்னாரே, அந்த இழுப்பு கண்ணாடி மாதிரி ஆன பகுதியின் மேல் விழுந்தது. இன்னொன்று 6013இன் பூச்சிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போகும், கடினமான எஃகில் அது வெடிப்பைத் திறந்துவிடும். சில சமயம் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மறுநாள் வெடிக்கும். உங்களுக்கு உடனே சத்தம் கேட்டது நல்லதாகப் போயிற்று.

அடுத்த வாரம் இப்படிச் செய்யுங்கள். வெடித்த இடத்தைக் கிரைண்டரால் முழுக்க எடுத்துவிடுங்கள், கோடு துளியும் தெரியக்கூடாது. ஹைட்ரஜன் குறைவாக விடுகிற 7018 ராடு, உலர்ந்தது, பெட்டியைத் திறந்து ஈரக்காற்றில் கிடந்தது என்றால் ராடு அடுப்பில் சுட்டு எடுத்தது. பட்டையையும் தண்டையும் சேர்த்து 250, 300 டிகிரிக்கு முன்சூடு ஏற்றுங்கள், சூடு காட்டும் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தால் உருகுவதிலிருந்து தெரியும். வேலை முடியும்வரை அந்தச் சூடு இறங்கக்கூடாது.

அடைகல்:

முடித்ததும் அடைகல்லின் மேலேயோ சிமென்ட் தரையிலேயோ வைத்துவிடாதீர்கள். உலர்ந்த சாம்பலை முன்னாலேயே ஒரு வாளியில் சூடாக்கி வைத்துக்கொண்டு, வெல்டு செய்த துண்டை அதற்குள் முழுக்கப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் எடுத்தால் போதும். அப்புறம் கொழுவின் முனையை மட்டும் திரும்பக் காய்ச்சிக் கடினமாக்கிப் பதம் வைக்க வேண்டியிருக்கும், சூடு அங்கேயும் போயிருந்தால் பழைய பதம் இறங்கியிருக்கும். அதை நீங்களாகச் செய்யாதீர்கள், எப்படிச் செய்வது என்று அவரிடமே கேளுங்கள். உங்களுக்கு உலை தெரியாது என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, கற்றுக்கொடுக்க அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.